நாற்பத்தொரு வெண்கல நாணயங்களை நான் எடுத்துச் சென்றது பற்றி

என் பெயர் ஓர்னெல்லா பெர்கமின். வயது ஐம்பத்தேழு. அக்குயிலேயா பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். பழைய உலோகப் பொருட்களைப் பரிசோதித்துப் பழுதுபார்ப்பது என் தொழில். இன்று வியாழக்கிழமை காலை வால்நேரா நகராட்சிக் கண்காட்சியிலிருந்து நாணயங்களைத் திருடியதாக என் மீது கொடுக்கப்பட்ட புகார் குறித்து விசாரித்தபோது நான் சொல்வதாவது:

சென்ற ஆண்டு மார்ச் மாதம் நெரினா சோர்சுத் என்ற பெண்மணி தன் தண்ணீர்விட்டான் தோட்டத்தில் பாத்தி வெட்டும்போது ஒரு மண்பானை கிடைத்தது. அதில் ரோமானியர் காலத்து வெண்கல நாணயங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. அவற்றின் நிலையைப் பார்த்துச் சொல்லும்படி நகராட்சி என்னிடம் ஒப்படைத்தது. அதன் பிறகு நான் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஊசிமுனையால் தொட்டு, குறிப்பு எழுதினேன். இருநூற்று எழுபத்தொன்றில் களிம்பு கரும்பச்சையாக, வழவழப்பாக, கெட்டியாக இருந்தது. அது நாணயத்துக்குத் தோல் மாதிரி, அதைத் தொடக்கூடாது. மீதி நாற்பத்தொன்றில் வெளிறிய பச்சையில் மாவு பூத்திருந்தது. அது உப்பு. ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். ஆகவே இந்த நாற்பத்தொன்றையும் காட்சிக்கு வைக்கக்கூடாது, காற்றுப்புகாத பெட்டியில் உலர்வாக வைக்கவேண்டும் என்று அறிக்கை கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுபடியும் கொடுத்தேன். மூன்றாம் முறை தடித்த எழுத்தில் கொடுத்தேன்.

அதன் பிறகு, நகராட்சியில் கலாச்சாரத்தைக் கவனிக்கும் உறுப்பினர் பெலிச்சியானோ தொனெல் இந்தத் திங்கட்கிழமை முந்நூற்றுப் பன்னிரண்டையும் கால்வாய் ஓரத்துப் பழைய மீன் மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அழகுக்காகப் பக்கத்திலேயே தண்ணீர் வழியும் சுவர் ஒன்றும் அமைத்திருப்பதைக் கண்டேன். அங்கே காற்றின் ஈரத்தை ஈரமானி நூற்றுக்கு எழுபத்தொன்று என்று காட்டியது. நான் சொன்னதற்கு அவர், "ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்துச்சு டாக்டரம்மா, ரெண்டு மாசம் என் மண்டபத்துல கெடந்தா செத்தா போயிடும்?" என்றார். மண்ணுக்குள் காற்று இல்லை என்றேன். "உங்களுக்கு எதுலயும் சீக்குதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு விளக்கு பொருத்தப் போனார்.

இன்று காலை நான் மண்டபத்தில் இருந்தபோது நெரினா பார்க்க வந்து, பெட்டிக்கு அடியில் விரலைக் காட்டி, "ஓர்னெல்லா, இது என்ன தவிடு மாதிரி உதிர்ந்திருக்கு?" என்று கேட்டார். திங்கட்கிழமை அங்கே எதுவும் உதிர்ந்திருக்கவில்லை. அதன் பிறகு பராமரிப்புக்காக நகராட்சி என்னிடம் கொடுத்திருந்த சாவியால் பெட்டியைத் திறந்து, நாற்பத்தொன்றையும் எடுத்து, ஈரம் உறிஞ்சும் வெள்ளை மணிகள் போட்ட பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். நெரினா மூடியை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் மீது குற்றம் இல்லை. 'நோயுற்ற நாணயங்கள் 41 என்னிடம் உள்ளன' என்று என் பெயர், தொலைபேசி எண்ணோடு சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்தேன். அந்தச் சீட்டையே திருட்டுக்குச் சாட்சியமாகத் தொனெல் கொடுத்திருக்கிறார். திருடன் தொலைபேசி எண் கொடுத்துவிட்டுப் போவானா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பேருந்துக்கு நின்றபோது காவலர்கள் என்னை அழைத்துவந்தனர். இந்த நிலையத்தில், வெள்ளை மணிகளை இனந்தெரியாத பொருள் என்று தனி உறையில் போட்டு ஒட்டிவிட்டு, நாணயங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சுவர் ஒழுகும் கீழறையில் வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் நான் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இதை எழுதும் அதிகாரி மச்சூலி பையைக் கொண்டுவரச் சொன்னார். பதினேழாம் எண்ணை, பேரரசர் வேலன்ஸ் முகம் உள்ளதை, கையுறையோடு அவரே எடுத்தார். மூக்கும் கன்னமும் பச்சை மாவாக அவருடைய மேசையில் கொட்டின.

பிறகு, "அம்மா, மிச்ச நாப்பதுக்கு இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். சொன்னேன். உறையைக் கிழித்து மணிகளைத் திரும்பப் போட்டு, டப்பாவை ஒட்டி, மேல்மாடியில் வெப்பக்குழாய் ஓடும் அறையில் வைத்துப் பூட்டினார். இதற்காக வாக்குமூலம் இருபது நிமிடம் நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் தொனெல் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளை திறப்பு விழா, நாணயங்களை உடனே அனுப்புங்கள் என்று கத்தியது எனக்கும் கேட்டது. அதிகாரி, "வழக்கு முடியற வரைக்கும் சாட்சியப் பொருள் வெளிய போகாதுங்க. நீங்கதானே புகார் குடுத்தீங்க?" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

எடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த உப்பைக் கழுவி எடுக்கும் கருவி எனக்குக் கிடைக்க ஆறு மாதம் ஆகும். ஆகவே என் மீதான வழக்கை யாரும் அவசரப்பட்டு முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓர் இடத்தில் 'துரு' என்றிருந்ததைக் 'களிம்பு' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இப்போது எல்லாம் உண்மையும் சரியும் ஆகும்.

(ஒப்பம்)
ஓர்னெல்லா பெர்கமின்