எட்டுத் தொட்டிகளும் ஒரு குறியும்

2010 ஜூன் 30, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வானில் மேகமில்லை; கடற்காற்று இன்னும் கரையேறவில்லை.

கருவிகளின் காவலரே! கணக்கில் கறாரும் கனிவில் தாராளமும் கொண்ட கண்ணியரே! கடலூர் மீன்குஞ்சு ஆய்வு நிலையத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றி இன்று ஓய்வுபெறும் முதுநிலைக் கருவிநுட்பர் திருமிகு பஞ்சநாதன் அவர்களே! வணக்கம்.

‘ஓய்வுபெறும்’ என எழுதிவிட்டோம். அதற்குரிய ஆணை இவ்வரியை எழுதும்போது வரவில்லை. குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளவர் ஓய்வுபெற இசைவில்லை என்பது விதி. தங்களை அவ்விதிக்குள் நிறுத்தியது தாங்களே எழுதிய கடிதம்.

நம் எட்டுத் தொட்டிகளின் உயிர்வளி அளவை ஒரே நேரத்தில் கண்காணிக்கும் நிரலைப் பொறியாளர் வெண்மதி அமைத்தார். எழுத்துகளுக்கு மாறாக, கணினித் திரையில் படங்களைக் கம்பிகளால் கோத்து இயக்கும் நிரல்மொழி அது. சராசரி காணும் துணைநிரல் ஒன்றே. ஆயினும் தொட்டிக்கொரு தனிப்படியாக, அதாவது நகலாக, தனி நினைவோடு, எட்டும் இணையாக ஓடுமாறு அதன் அமைப்பில் அவர் ஒரு குறியிட்டிருந்தார். பழைய கணினி திணறியபோது அக்குறியை நீக்கினீர்கள். அதன்பின் எட்டுக்கும் ஒரே படி, ஒரே நினைவு. கணினி திணறவில்லை. சென்ற பிப்ரவரியில் மூன்றாம் தொட்டியில் உயிர்வளி குறைந்தபோது, மற்றத் தொட்டிகளின் நல்ல அளவுகள் அதன் சராசரியில் கலந்தன. எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. அத்தொட்டியின் கொடுவா மீன்குஞ்சுகள் முற்றும் மடிந்தன.

பழி, தகுதிகாண் பருவத்தில் இருந்த வெண்மதிமேல் விழுந்தது. தங்களை எவரும் வினவவில்லை. நீக்கிய குறியைத் தாங்களே நினைவுகூர்ந்து, நான்கு வரிகளில் ஒப்புக்கொண்டு எழுதினீர்கள்.

உணவறையில் எழுத்தர் சபாபதி பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “ரிட்டயர் ஆவ மூணு மாசந்தான் இருக்கு மாமா. இப்பப் போயி ஏன் எழுதிக் குடுத்தீங்க? கம்முனு போயிருக்கலாம்ல?”

“எட்டுப் பேர ஒரே தட்டுல சாப்புட வச்சா, எவன் பட்டினின்னு எப்பிடிடா தெரியும்? மத்த தட்ட எடுத்தவன் நானு. பரிமாறுன பொண்ண ஏன் திட்டுறாங்க?”

“அப்ப ஒங்களுக்கும் தட்டு கெடையாது, போங்க!”

மறுநாளே அக்குறியை மீண்டும் இட்டு, கணினிக்குக் கூடுதல் நினைவகமும் பொருத்தினீர்கள். இப்போது எட்டுப் படிகளும் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல், ஒன்றின் கணக்கு மற்றொன்றில் கலவாமல் ஓடுகின்றன. மே மாதத்தில் வெண்மதியின் பணி உறுதியாயிற்று. தங்கள்மீதான விசாரணை மட்டும் முடியவில்லை.

பிழையே செய்யாத பெருந்தகை எனத் தங்களைப் புகழ எண்ணியிருந்தோம். செய்த பிழையை, கேட்பார் இல்லாதபோதும் தமதென்று கூறுவது அதனினும் அரிது; ஆகவே அவ்வரியை விட்டுவிட்டோம்.

சிதம்பரத்து இல்லத்தில், துணைவியார் புஷ்பவள்ளி அம்மையாருடன், நோய் அணுகாத உடலும் நொடிந்துபோகாத உள்ளமும் வாய்க்கப்பெற்று, தாங்கள் நூறாண்டு கடந்தும் வாழ வேண்டுகிறோம்.

மாலையில் சேர்த்த வரி: பிற்பகல் இரண்டரை மணிக்குத் தலைமை அலுவலகத்தில் கையொப்பமாகிவிட்டது: கண்டனம் ஒன்றோடு குற்றச்சாட்டு முடிகிறது, ஓய்வுக்கு இசைவு. சபாபதி பேருந்தில் கொண்டுவந்த அவ்வாணையை, இதோ, வெண்மதி தங்கள் கையில் தருகிறார்.

தங்களோடு பணியாற்றிய பேறுடைய
நிலையப் பணியாளர்கள்