மாசச் செலவுக்கு, சரிதா சம்பளம்

சரிதா: எவ்ளோ தூரம்னு சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க.

அருண்ராஜ்: நாலு கிலோமீட்டர். கம்மாபுரம் பக்கம் அந்த மூணு ஊருக்கும் மெயின் கேபிள் அவ்ளோதான். கிலோமீட்டருக்கு முப்பதாயிரம்னு வச்சிக்கினா…

சரிதா: எந்த ரோட்டு வழியா போவுது இந்த கேபிளு?

அருண்ராஜ்: பழைய ரோட்டு வழியாதான்.

சரிதா: அந்த ரோடு இப்ப எங்க இருக்குது?

அருண்ராஜ்: எங்க இருக்கும்? அங்கதான்.

சரிதா: நிலக்கரி சுரங்கத்துக்குள்ள இருக்குது. ரெண்டு வருசம் ஆச்சி மெஷின் வாரிக்கினு போயி. பொங்கலுக்கு எங்கண்ணன் வூட்டுக்கு சுத்திக்கினுதான போனோம்? பதினோரு கிலோமீட்டர்.

அருண்ராஜ்: எங்க முதலாளி துரைராஜ் அண்ணன் எஸ்டிமேட்ல நாலுன்னுதான் போட்டிருந்திச்சி.

சரிதா: அவரு எஸ்டிமேட் உங்க கைக்கு எப்படி வந்திச்சி?

அருண்ராஜ்: ஆபீஸ்ல பழைய நோட்டு கிடந்திச்சி… ஃபோன்ல போட்டோ எடுத்தேன்.

சரிதா: முதலாளியப் பார்த்து காப்பியடிச்சி, முதலாளிக்கே போட்டியா இன்டர்நெட் கம்பெனி. அதயும் பழைய நோட்டாப் பார்த்து அடிச்சிருக்கீங்க.

அருண்ராஜ்: எட்டு வருசம் அவருக்குக் கம்பம் ஏறியிருக்கேன். ஒரு போட்டோ எடுக்கக் கூடாதா? சரி, பதினொண்ணுன்னு எழுதிக்க.

சரிதா: ரெண்டு லட்சத்து பத்தாயிரம் ஏறிடிச்சி.

அருண்ராஜ்: ஏறட்டும். அப்பா நிலத்துக்கு வந்த பத்து லட்சத்தத் தாண்டாது… ஏய், கைய காட்டு. வெரலெல்லாம் ஏன் இப்படி கருத்துக்கிடக்கு?

சரிதா: பிரிண்டர் மை. பேச்ச மாத்தாதீங்க. இது என்னா? “கஸ்டமர் ஃபோன் எடுக்க ஆள், சம்பளம் சைபர்.” யாரு அந்தப் புண்ணியவதி?

அருண்ராஜ்: சாயங்காலம் நீ ஆபீஸ் விட்டு வந்து… சும்மாதான இருப்ப…

சரிதா: சும்மாவா?

அருண்ராஜ்: சும்மான்னா… வூட்லதான இருப்ப.

சரிதா: ஏழு மணிக்கு நெட்டு வரலன்னு நூத்தம்பது வூட்டுக்காரனும் என்னத் திட்டுவான். ஒரு கையில ஃபோனு, ஒரு கையில கரண்டி. சைபர்.

அருண்ராஜ்: சரி, அதுக்கு மூவாயிரம் போட்டுக்க.

சரிதா: பெரிய மனசு. நூத்தம்பது வூடும் மொத நாளே சேந்துடுமா?

அருண்ராஜ்: மொதல்ல முப்பது வூடு. மெதுவா… ஒரு வருசத்துல சேந்துடும்.

சரிதா: நெட்டு வாங்கற கம்பெனிக்கு மட்டும் மொத மாசத்துலேருந்தே நாப்பதாயிரம் கட்டணும். கரண்டு, பேட்டரி, ரூம் வாடகை வேற. அந்த ஒரு வருசம் நாம எதத் திங்கறது?

அருண்ராஜ்: அதுக்குதான் கடைசி வரி. படி.

சரிதா: “மாசச் செலவுக்கு, சரிதா சம்பளம், பதினாலாயிரம்.”

அருண்ராஜ்: பாத்தியா.

சரிதா: அத எடுத்துடுங்க.

அருண்ராஜ்: ஏன்? மத்த வரியெல்லாம் தப்புன்னு சொல்லு, கேட்டுக்கறேன். தப்பே இல்லாத வரி அது ஒண்ணுதான்.

சரிதா: காண்ட்ராக்ட் வேலைங்க அது. பர்மனென்ட்டா?

அருண்ராஜ்: ஆறு வருசமா பாக்கறேன். காண்ட்ராக்டர் மாறுவாரு, ஆளு மாற மாட்டாங்க. சுரங்கத்து டவுன்ஷிப் ஆபீஸ்ல அதான வழக்கம்? போன மாசம்கூட புது காண்ட்ராக்டர் வந்தாருன்னு நீதான சொன்ன.

சரிதா: சொன்னேன்… வந்தாரு.

அருண்ராஜ்: அப்புறம் என்னா?

சரிதா: எதுக்கெடுத்தாலும் அப்புறம் என்னா, அப்புறம் என்னா. இன்னும் ஒரு வருசம் துரைராஜ் அண்ணன்கிட்டயே இருந்தா கொறஞ்சா போயிடுவீங்க? பதினெட்டாயிரம் வருது. நாளைக்குப் போயி அவருகிட்ட எதுவும் பேசிடாதீங்க.

அருண்ராஜ்: நாளைக்குப் பேச மாட்டேன்.

சரிதா: அப்பாடா…

அருண்ராஜ்: வெள்ளிக்கிழமையே பேசிட்டேன்.

சரிதா: என்னான்னு?

அருண்ராஜ்: நான் போட்டோ எடுத்தது அவருக்குத் தெரிஞ்சிடிச்சி. எல்லார் முன்னாடியும் கேட்டாரு. எனக்கும் கோவம்… ஆபீஸ் சாவிய மேசை மேல வச்சிட்டு வந்துட்டேன்.

சரிதா: அப்ப இத்தன நாளா டிபன கட்டிக்கினு எங்க போனீங்க?

அருண்ராஜ்: பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல உக்காந்து இந்த எஸ்டிமேட் போட்டேன். பயமாதான் இருந்திச்சி, சரிதா. உன் சம்பளம் இருக்குதுன்ற ஒரே தைரியந்தான்… திட்டு. இவ்ளோ நேரம் திட்டுன இல்ல?

சரிதா: பண்ருட்டியா… நல்லவேள. நான் பண்ருட்டிக்கு முன்னாடி முத்தாண்டிக்குப்பத்துலயே பஸ்ஸ விட்டு எறங்கிடறேன்.

அருண்ராஜ்: அங்க உனக்கு என்னா வேல?

சரிதா: புது காண்ட்ராக்டர் பதினேழு பேர்ல எட்டு பேரதான் எடுத்தாரு. அந்த எட்டுல நான் இல்லீங்க. இருவது நாளா முந்திரி கம்பெனில கொட்ட ஒடைக்கிறேன். இது பிரிண்டர் மை இல்ல, முந்திரி ஓட்டு எண்ண. எத்தன சோப்பு போட்டாலும் போவல… அந்தப் பேப்பர இப்படி நவுத்துங்க. பதினாலாயிரத்த அடிச்சிட்டு, நாளுக்கு முன்னூறுன்னு எழுதறேன்.