தெளிவில்லாத படம்

குடிக்கத் தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. எந்தக் குழாய்த் தண்ணீர் என்று கேட்க மாட்டேன். பல வருடப் பழக்கம், கேள்வி வாய் வரைக்கும் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நான் வேதியியல் வாத்தியார். தண்ணீரைச் சோதிக்கும் அந்தச் செயலியை நானும் என் அக்கா மகளும் சேர்ந்து தொடங்கினோம். அவள் கல்லூரியில் கணினி படிக்கிறாள். பிள்ளைகள் சோதனைப் பட்டையைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, நிற அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் ஒப்புதல் கொடுத்தால் வரைபடத்தில் அந்தக் குழாய் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும். படம் தெளிவில்லை என்று தள்ளினால் பழைய நிறமே நிற்கும். அந்த விதியை எழுதியது அவள்தான். "இல்லேன்னா விளையாட்டுக்கு அனுப்பி ஊரையே கலக்கிடுவாங்க மாமா" என்றாள். ஒப்புதல் சாவியையும் என் ஒருவனிடம்தான் கொடுத்தாள்.

அவளோடு சேர்த்து இருபத்து மூன்று பிள்ளைகள். போனை நோண்டாதே என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள், அதே போனை வைத்து நகராட்சியை ஓடவிட்டார்கள். ஒன்பது குழாய்களை மூடவைத்தோம். வீடு வீடாகப் போய் அவர்கள் சொன்னது இதுதான்: "யார் சொன்னாலும் நம்பாதீங்க, மேப்பை மட்டும் பாருங்க." ஜனங்களும் பழகிவிட்டார்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. இனி ஒப்புதலை இளைஞர்களே பார்த்துக்கொள்வார்களாம், மாத முடிவில் நான் விலகிக்கொள்ள வேண்டுமாம். என்னைச் சேர்க்காமல் தனியாக ஒரு குழு வைத்துப் பேசி முடித்திருக்கிறார்கள். இருபத்து மூன்று கையெழுத்து, முதலில் அவளுடையது. நேரில் கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க சார். இது பசங்களோட இயக்கம்" என்றாள். தோளில் தூக்கி வளர்த்தவனுக்கு சார்.

மாத முடிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் தெருக்குழாயின் படத்தை அவள் அனுப்பினாள். பட்டை நல்ல ரோஜா நிறம். வயலுக்குப் போடும் உரம் நிலத்தடியில் இறங்கினால் அப்படி ஆகும். பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தை என்றால் மூச்சுக்காற்று ரத்தத்தில் சேராது. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

படத்தின் ஓரத்தில் விரல் நிழல் விழுந்திருந்தது. தெளிவில்லை என்று தள்ளினேன். மறுநாள் வந்த படத்தில் நிற அட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையும் தள்ளினேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே.

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது வீட்டில் இரண்டு மாதக் குழந்தை, புட்டிப்பால். அந்தத் தாய் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "பச்சையாத்தானே இருக்கு? மேப்பை மட்டும் நம்பச் சொன்னதே நீதானே? உங்க மாமாவைவிட உனக்குத் தெரியுமா?" என்றாளாம். எனக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது.

இதையெல்லாம் சொன்னது என் மனைவி. முதல் படம் வந்த அன்றைக்கே மனைவியை அடுத்த தெருவில் தண்ணீர் பிடித்துவரச் சொல்லியிருந்தேன். ஏன் என்று கேட்டாள். ருசி சரியில்லை என்றேன்.

ஆறாம் நாள் குழந்தையின் உதடு நீலமானது. "கொதிக்கவச்சு ஆறவச்சுத்தானே கரைச்சேன்" என்று அந்தப் பெண் ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொதித்தால் உரச்சத்து போகாது. குழந்தை பிழைக்கவில்லை.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. ஆமாம், நிறம் தெரிந்தது. படங்களைப் பெரிதாக்கியும் பார்த்தேன். தெரிந்தேதான் தள்ளினேன். ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவள் ஒரே ஒரு முறை மாமா என்று கூப்பிட்டிருந்தால் அந்த நொடியே சிவப்பாக்கியிருப்பேன்.

ஐந்தாம் நாள் மூன்றாவது படம் வந்தது. நிழல் இல்லை, சாய்வு இல்லை. கீழே எழுதியிருந்தாள்: "மாமா, ப்ளீஸ். மூணாவது வீட்டுப் பாப்பா குடிக்குது."

காரியம் ஆகவேண்டும் என்று கூப்பிட்ட மாமா அது, மனதிலிருந்து வரவில்லை. தள்ளிவிட்டேன்.