டீயில் கரைந்த கிளைசின்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு கணவனும் மனைவியும்.

“பாப்பா மருந்தப் போயி யாராவது டீயில போட்டுக் காலி பண்ணுவாங்களா?”

“இனிப்பா இருந்துச்சு. குளுக்கோஸுன்னு நெனச்சேன்டி.”

“அது கிளைசினுங்க! இவ ரத்தத்துல தேங்குற கொழுப்பு அமிலத்துல ஈரல் என்சைம் அதை ஒட்டவச்சாத்தான், மூத்திரத்துல வெளிய போகும். டாக்டர் எத்தனை தடவ சொன்னாரு!”

“அதான் வாங்கப் போறோம்ல? நல்லாத்தான தூங்குறா.”

“தூங்குறாளா? காதுகிட்ட மோந்து பாருங்க.”

அவர் குனிந்து மோந்தார்.

“என்னடி, அழுக்கு சாக்ஸு மாதிரி நாறுது?”

“அமிலம் ஏறுனா வரும்னு டாக்டர் பயந்த நாத்தம் அதாங்க.”

அவர் குழந்தையை உலுக்கினார். கண் திறக்கவில்லை. எழுந்து கத்தினார்.

“கண்டக்டர், இனிமே எங்கயும் நிறுத்தாதீங்க! நேரா ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லுங்க!”