மரியாவுக்கு நான் தமிழு சொல்லிக் குடுத்த லட்சணம்

...இங்கிலீசே கத்துக்கினு தொலைஞ்சிருக்கலாம் அவ! எனக்கு இந்த பேஜாரு வந்திருக்குமா, நீயே சொல்லு! உள்ள வா கண்ணு. உறை மோருக்குத்தான வந்த, தரேன் தரேன், மோரு எங்க ஓடிடப் போவுது? கிண்ணத்த கீழ வெச்சிட்டு குந்து. நீ உத்திரமேரூருக்கு குடி வந்தே நாலு நாளு ஆவல, பக்கத்து வூட்டு சங்கதி தெரிய வேணாமா?

அதோ, பச்ச கதவு வூடு. அதுல கீறாளே மரியா, கோவாக்காரி. புருசன் ரொசாரியோ ரைஸ் மில்லுல இஞ்சின் பாக்கறாரு. அவரு மெட்ராஸ் ஆர்பருல வேல செஞ்சவரு, தமிழு பேசுவாரு. இவளுக்கு வூட்டு பாஷை போர்ச்சுகீசு. கோவாவ நம்ம மிலிட்டிரி புடிச்சிதே, அதுக்கு மறு வருசம் வந்தாங்க. தமிழுல ஒரு சொல்லு தெரியாது.

தெனம் மத்தியானம் இங்க வந்து குந்திக்குவா. நான் பேசுவேன், அவ கேப்பா. ஐயோ, அது மாதிரி கேக்கறவள நான் பாத்ததே இல்ல கண்ணு! எங்கூட்டுக்காரரு தறியில எறங்கிட்டாருன்னா காது அடைச்சிக்கும். எங்க மாமியா ஆண்டாளம்மாளுக்கு நான் வாயத் தொறந்தாலே ஆவாது. இவ மட்டும் கண்ண அகட்டிக்கினு, சிரிச்சிக்கினு, தலைய ஆட்டிக்கினு... ஒரு எழவும் புரியாது, அதான் விசேசமே! மாமியாள திட்டனேன், நாத்தனார திட்டனேன், தெருவுல ஒருத்தர வுடல. அந்த வருசம் பூரா எனக்கு தலவலியே வரல, தெரியுமா?

இன்னா... மோரா? இருடி, பானைய எறக்கணும்.

அப்ப ரொசாரியோ சொல்றாரு, இவ புதுசா ஒரு பாஷை படிக்கணுமாம். எதுன்னு கேட்டேன். அவங்க ஆளுங்க மொதல்ல இங்கிலீசுதான் எடுப்பாங்களாம். கப்பல் வேலைக்கு, பம்பாய் வேலைக்கு அதான தோது. அப்பறம் பிரெஞ்சு. அது பெரிய மனுசத்தனத்துக்கு, இவ அக்கா கூட படிச்சிருக்குதாம். ஸ்பானிஷுன்னு ஒண்ணு, இவங்க பாஷைக்கு பங்காளியாம், பாதி படிக்காமலே புரிஞ்சிடுமாம். நோவாம வரும்னு கொஞ்ச பேரு அதுக்கும் போவாங்களாம். தமிழுக்கு யாரும் வர்றதில்லியான்னேன். சிரிக்கிறாரு அந்த ஆளு! 'எங்க சனத்துல யாரும் கேட்டதில்லம்மா'ங்கறாரு.

ஒடனே ஹெட்மாஸ்டரு சம்சாரம் ஏலவார்குழலி வந்து நிக்கறா. 'மத்தியானத்துல எங்கூட்டுக்கு அனுப்புங்க, நான் இங்கிலீசு சொல்லித் தரேன்'. மத்தியானத்துல! எனக்கு வவுறு எரிஞ்சிது. அங்க போனான்னா அங்கியே குந்திக்குவா, நான் செவுத்தாண்டயா பேசறது? 'இங்க சந்தையில கத்திரிக்காய இங்கிலீசுலயா கேப்ப? தமிழு கத்துக்கம்மே, நான் சொல்லித் தரேன்'னு கைய புடிச்சி இஸ்துக்கினேன். நான்தான்!

சும்மா சொல்லக் கூடாது, நல்ல மண்ட. மழைக்கு முன்ன ஆரம்பிச்சோம், ஏரி ரொம்பறதுக்குள்ள பேசறா.

வெனைய கேளு. பாஷை தெரியாத அந்த நாளுல, அவ வர்றப்பல்லாம் நான் சிரிச்ச மூஞ்சியா கைய நீட்டி, 'வாடி கவுனுக்காரி, வேல வெட்டி இல்லாத முண்டம், வந்து குந்து'ம்பேன். வெளையாட்டுக்குத்தான்! புரியாதுன்ற தெகிரியம். அவ அத, வந்தவங்கள கூப்புடற மொறைன்னு நெனச்சி மனசுல வெச்சிக்கினா. பொங்கலுக்கு எங்க மாமியா கரும்பு குடுக்க அவ வூட்டுக்கு போச்சா... இவ கைய கூப்பி, பல்லு தெரிய சிரிச்சிக்கினு, அத அப்பிடியே சொல்றா! கவுனுக்காரிய மட்டும் பொடவக்காரின்னு மாத்திக்கினாளாம். அவ்ளோ புத்தி!

மாமியா வுடுமா? குந்த வெச்சி ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொல்லிச்சி. அதோட போச்சா? நான் அந்த வருசம் பூரா பேசினது ஒண்ணொண்ணா அவளுக்கு வெளங்க ஆரம்பிச்சிடிச்சி. இப்ப மத்தியானமானா ரெண்டு பேரும் அங்க குந்திக்கினு பேசறாங்க. தமிழுல! நான் சொல்லிக் குடுத்த தமிழுல!

ஒரே ஒரு வாட்டி வந்தா. வாசப்படிய தாண்டல. 'கஸ்தூரி அக்கா, நீ எனக்கு நல்லது சொல்லிக்கினு இருக்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்'னா. ஒரு தப்பு இல்லாம சொன்னா. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். நான் உள்ள ஓடி ஒரு சொம்பு மோரு எடுத்தாந்தேன், அதுக்குள்ள போயிட்டா கண்ணு. அன்னிலேர்ந்து சோறு எறங்கல.

...அட, எங்க எழுந்துட்ட? மோருக்கு அவ வூட்டுக்கா? போ, போ. எல்லாரும் அங்கியே போங்க. நான் பேசினதெல்லாம் அங்க போய் சொல்லிடாத, எங்க மாமியா அங்கதான் இருக்கும்.

ஏய்... நில்லுடி. என்ன பத்தி எதுனா பேசறாளான்னு மட்டும் கேளு. திட்டனாக்கூட பரவால்ல. அப்பிடியே வந்து சொல்லு.