லாக்கைப் படிச்சீங்களா, மாமா

காலையில் ஒரு டீ உள்ளே போகாவிட்டால் எனக்கு வாயே திறக்காது, சார். வாங்கித் தந்ததற்கு நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

இருபத்தாறு வருடம் அச்சகத்தில் பக்கம் கட்டியவன் நான். சுட்டியால் இழுத்தால் எழுத்து நகரும். பிறகு என் மனைவியின் தம்பி எங்கள் பிரிவுக்குத் தலைவனாக வந்தான். இனி எல்லாம் கட்டளை மொழியில்தான் என்றான். பக்கத்தைக் கண்ணால் பார்த்துக் கட்ட முடியாது. எழுதித்தான் ஓட்ட வேண்டும். அடிக்கடி வரும் கட்டளைகளை ஒரே சொல்லில் முடிந்து வைத்தால் அதற்குப் பெயர் மேக்ரோ. நாற்பதாம் வரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். அது முன்னூறாம் வரியில் வந்து முரண்டு பிடிக்கும். எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். என் மேக்ரோ ஒன்றுகூட முதல் தடவையில் ஓடியதில்லை.

ஒவ்வொரு தடவையும் மச்சினன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான்.

"மாமா, லாக்கைப் படிச்சீங்களா? அதுலயே எல்லாம் சொல்லியிருக்குமே."

ஓட்டி முடித்ததும் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும் குறிப்புதான் லாக். மரியாதையாகத்தான் கேட்பான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறையில் இருக்கும் ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். வீட்டில் சொன்னால், "உங்க நல்லதுக்குத்தானே சொல்றான்?" என்பாள் மனைவி.

அப்போதுதான் குழந்தைகள் மருத்துவமனையின் மருந்தளவுக் கையேடு வந்தது. மெய்ப்பெல்லாம் பார்த்து முடித்த பிறகு, எழுத்து இன்னும் தெளிவாக வேண்டும் என்றார்கள். எழுத்துருவை மாற்றினேன். ஒரே வரி வேலை. தசமப் புள்ளியை எண்ணின் நடு உயரத்தில் வைப்பது எங்கள் அச்சக வழக்கம். புது எழுத்துருவில் அந்தப் புள்ளி கிடையாது. இல்லாத எழுத்துக்காக ஓட்டம் நிற்காது. அதை விழுங்கிவிட்டு லாக்கில் மட்டும் சொல்லும். இரண்டரை மில்லி இருந்த இடத்தில் இருபத்தைந்து மில்லி நின்றது. இப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.

அன்றைக்கு நான் லாக்கைப் படித்தேன், சார். யாரும் சொல்லாமலே, முழுதாக.

வாய் திறக்கவில்லை. கடைசிக் கையெழுத்து மச்சினனுடையது. ஒரே ஒரு தடவை அவன் எல்லார் முன்னாலும் தலை குனியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். நர்ஸுகள் படித்தவர்கள், பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன். மூன்று பேர் கவனித்துப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டார்களாம். நான்காவது ஆள் வேலைக்குப் புதிது. குழந்தைக்கு நாலு வயது என்று பேப்பரில் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது.

மச்சினனை நீங்கள் அழைத்துப் போன அன்று, "என் தம்பி லாக்கைப் படிக்காம கையெழுத்துப் போடுவானா?" என்று மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போடமாட்டான். வரி விடாமல் படிப்பான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவன் கையெழுத்துப் போட வருவதற்குள் ஒரு மேக்ரோ எழுதினேன். எழுத்து காணோம் என்கிற குறிப்பு லாக்கில் ஏறாமல் தடுக்கும் மேக்ரோ. மறுபடி ஓட்டினேன். லாக் துடைத்து வைத்தது போல் இருந்தது. அவன் படித்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினான்.

"பாத்தீங்களா மாமா, பழகிட்டீங்க."

இதையெல்லாம் சொல்ல நான் வந்திருக்கவே மாட்டேன். நேற்று உங்கள் நிபுணரின் அறிக்கை பேப்பரில் வந்திருந்தது. தன் தவறை மறைக்க அந்த மேக்ரோவை மச்சினனே எழுதியிருக்க வேண்டும், கைதேர்ந்த வேலை என்று போட்டிருக்கிறார்கள். பெயரைத் திருத்திவிடுங்கள், சார். அது நான் எழுதியது. முதல் தடவையிலேயே ஓடியது.