இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டிக்கு அப்புறம்

மேடையில் வீற்றிருக்கும் நூலகத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணியாரே, புதன்கிழமை வகுப்பின் மாணவர்களே, நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் அழுதுகொண்டே பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் இரண்டு கைக்குட்டையோடுதான் வந்திருக்கிறேன். ஆனால் இன்று மதியம் இரண்டு மணியிலிருந்து என் மனசு லேசாகிவிட்டது. இரங்கல் கூட்டத்தில் இப்படிச் சொல்லலாமா? காரணத்தைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பசையண்ணன்! விரலிடுக்கில் எப்போதும் பைண்டிங் பசை காய்ந்திருக்கும், அதனால் அந்தப் பெயர். முப்பத்தோரு ஆண்டுகள் இந்த நூலகத்தின் பைண்டர். பக்கத்து மேசையில் நான், பட்டியல் எழுதும் கிளார்க். தைக்கிற புத்தகத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் தைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில் சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தார்.

"நம்ம தமிழ் இருக்கையில இது எதுக்குண்ணே?" என்று சீண்டினேன்.

"பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வந்தா நம்ம வீடு இடிஞ்சிடுமா தம்பி? பூசைக்கு மட்டும்னு நினைச்சியா? வைத்தியம் இருக்கு, கணக்கு இருக்கு, யானைக்கு வர்ற வியாதி இருக்கு. நாடகத்துல ஆளுக்கு ஆள் கிண்டல் பண்றதுகூட இருக்கு."

அந்த மொழி நெடுங்காலம் பலருக்குக் கதவைச் சாத்தியதையும் அவர் மறைத்ததில்லை. "சாத்தி வச்சாங்கன்னா, உள்ள என்ன இருக்குன்னு நாமதான் போய்ப் பார்க்கணும்" என்பார். தையல்காரர், பல் டாக்டர் அம்மா, பஸ் டிரைவர் என்று யார் வந்தாலும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

எழுத்தில் ஏறுவதற்கு முன் பல நூற்றாண்டுகள் வாயிலேயே வாழ்ந்த மொழி அது. ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, மறுபடி ஒன்று இரண்டு என்று சொற்களை முன்னும் பின்னுமாகக் கோத்து ஒப்பித்தார்கள். ஒன்று நழுவினால் அடுத்தது காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனின் வகுப்பும் அப்படித்தான். சட்டம் ஒன்றே ஒன்று: "நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க. எது வேணும், எது வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணாதீங்க." ஒருநாள் பாடத்துக்கு நடுவே "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்றார். வகுப்பே ஒரே குரலில் "ஃபேனைக் கொஞ்சம் குறைங்க" என்றது. ஃபேனை யாரும் குறைக்கவில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மாடியில் அறுநூற்றுப் பன்னிரண்டு தகரப் பெட்டிகளில் பழைய சமஸ்கிருதச் சுவடிகள். எந்தப் பெட்டியில் எந்த நூல் என்பதற்கு ஒரே ஒரு கையெழுத்துப் பட்டியல். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு வரை ஏற்றினேன். பிறகு? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஏழு வருடம் தள்ளினேன். போன வருடம் தண்ணீர்க் குழாய் வெடித்தது. சுவடிகள் பெட்டிக்குள் தப்பித்தன. பட்டியல் கூழாகிவிட்டது. பெட்டிமேல் ஒட்டிய சீட்டுகள் தண்ணீரில் மிதந்தன. பாதிச் சுவடிக்கு முதல் ஏடே கிடையாது. அந்த மொழிக்கென்று ஒரே எழுத்தும் கிடையாது, போன ஊர் எழுத்திலெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பிரித்துப் படித்துக் கண்டுபிடிக்க ஓர் ஆயுள் போதுமா?

அண்ணன் என்னைத் திட்டினாரா? மேலிடத்தில் சொன்னாரா? இல்லை! வருடாவருடம் தூசி தட்டும்போது அந்தப் பெயர்களை முன்னும் பின்னுமாக ஒப்பித்துக்கொண்டே தட்டியவர் அவர். முழுப் பட்டியலும் அவர் வாயில் இருந்தது. அதைத் தாளில் எழுதுவதற்குள் நோய் வந்து கையை மடக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் தையல்காரர், டாக்டர் அம்மா, டிரைவர் ஆகிய மூன்று மாணவர்களுக்கும் தனித்தனி நாட்களில் முழுவதையும் சொல்லிக்கொடுத்தார். "எனக்கே நினைவு தப்பலாம். மூணு பேருதும் ஒத்துப்போனாத்தான் நம்பணும்" என்றாராம். "கடைசி வாரம் என்னையே நம்பர் போட்டுக் கூப்பிட்டுருவாரோன்னு பயந்துட்டேன்" என்றார் அண்ணி. நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் வார்டு வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.

இன்று காலை ஏழு மணிக்குச் சரிபார்க்க உட்கார்ந்தோம். முதலில் டாக்டர் அம்மா. இருநூற்றுப் பன்னிரண்டு வரை கம்ப்யூட்டரோடு அச்சாக ஒத்தது. அதற்குமேல் என்னிடம் எதுவுமில்லை. காலித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நிறுத்தாமல் சொன்னார்: "பயப்படாத தம்பி, எல்லாம் வந்துடும். இருநூத்திப் பதிமூணு..."

எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்து தையல்காரர் வந்தார். அதே இடம், அதே சொற்கள்: "பயப்படாத தம்பி, எல்லாம் வந்துடும்." பிறகு டிரைவர். அதே இடம்! அதே சொற்கள்! நான் எங்கே நிறுத்தினேன் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. யார் முன்னால் ஒப்பிப்பார்கள் என்றும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரிடமும், மூன்று நாளும், மறக்காமல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அறுநூற்றுப் பன்னிரண்டும் ஒத்தன.

அண்ணா! இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன். புதன்கிழமை வகுப்பு நிற்காது, இந்த வாரம் கடைசி பெஞ்சில் நானும் இருப்பேன். நாளைக் காலை முதல் வேலையாகப் பட்டியலை ஏற்றத் தொடங்குகிறேன். இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே அந்த ஒரு வரியையும் ஏற்றுவேன். எது வேணும், எது வேண்டாம்னு முடிவு பண்ண நான் யார்?